நாலாம் நம்பர் சிஸ்டத்தின் ஷிஃப்ட் நோட்டு

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்பது ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் அவற்றைத் தட்டுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்கிற தொழில். சிஸ்டம் தொங்கினால் நம்மைப் பார்ப்பார்கள். கரண்ட் போனாலும் நம்மைத்தான் பார்ப்பார்கள். பையன் கணக்கில் ஃபெயில் என்று ரிசல்ட் வந்தால் அதற்கும் நம்மைத்தான் முறைப்பார்கள். கடை வைத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். கடை வைக்காதவர்களாக இருந்தாலும், உயிருக்குயிராக நேசித்த ஒன்றை யாரோ 'எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி' மாற்றிவிட்டதைப் பார்த்து வயிறு எரிந்திருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். தைரியமாக உட்கார்ந்து படியுங்கள்.

ஓசூரில் சிப்காட்டுக்குப் போகிற ரோட்டில், ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் என் கடை இருந்தது. இரண்டாயிரத்து ஐந்திலிருந்து நாலைந்து வருஷம் நடத்தினேன். மெயில், பயோடேட்டா, ரிசல்ட் எல்லாம் பேருக்கு. கடை ஓடியது கேமில்தான்.

ஒருவர் வேலையில், ஒருவர் தூக்கத்தில், ஒருவர் என் கடையில்

என் கடையில் ஒரு ஆட்டம் இருந்தது. அதன் பெயர் வாயில் நுழையாது என்பதால் எல்லோரும் அதைச் 'சுரங்கம்' என்றுதான் சொல்வோம். கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் தனியாக இறங்க வேண்டும். மொத்தம் ஏழு மட்டம். கையில் ஒரு விளக்கு, அதில் கொஞ்சம் எண்ணெய். துப்பாக்கி ஏழெட்டு முறை சுட்டதும் சிக்கிக்கொள்ளும். மேப் கிடையாது, எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செத்தால் ஒரு மணி நேரத்து உழைப்பு போச்சு. கடைக்கு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் மட்டத்திலேயே கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

எழுந்து போகாதவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே கம்பெனியில் ஒரே லேத் மிஷினை மூன்று ஷிஃப்டாக ஓட்டுகிறவர்கள். முருகேசன் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். நாகராஜ் உள்ளூர், வீட்டில் கன்னடம், என்னைக் கூப்பிடுவது 'குரு' என்று. சண்முகம் போச்சம்பள்ளிக்கு அருகே ஒரு கிராமம். வாரம் மாறினால் ஷிஃப்டும் மாறும். ஆனால் எந்த வாரத்திலும் ஒருவர் வேலையில் இருப்பார், ஒருவர் தூக்கத்தில் இருப்பார், ஒருவர் நாலாம் நம்பர் சிஸ்டத்தில் இருப்பார். ஷிஃப்ட் மாறும்போது கம்பெனி கேட்டில் இரண்டு பேர் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்வார்களே தவிர, மூன்று பேரும் சேர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அவர்கள் ஆளுக்கொரு ஆட்டம் ஆடவில்லை. மூவரும் சேர்ந்து ஒரே ஆட்டத்தை ஆடினார்கள். மிஷினுக்கு வைப்பதைப் போலவே அதற்கும் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தார்கள். ஷிஃப்ட், மட்டம், எண்ணெய் எவ்வளவு, குண்டு எத்தனை, அடுத்த ஆள் கவனிக்க வேண்டியது, கையொப்பம் என்று கட்டம் போட்டு, விட்ட இடத்தை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவார்.

மூவரில் சண்முகத்துக்குச் சுடவே வராது. லேத்தில் ஆடாத கை மவுஸில் ஆடும். அதனால் அவர் ஷிஃப்டில் சண்டையே போட மாட்டார். சுவர் ஓரமாக மெதுவாக நடந்து, கிராஃப் தாளில் மேப் வரைவார். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று குறித்துக்கொள்வார். மற்ற இரண்டு பேரும் அந்த மேப்பை நம்பித்தான் இறங்கினார்கள். 'ஆளுக்கொரு ஆட்டம் ஆடினால் என்ன, எதற்கு இந்தக் கூட்டு விவசாயம்?' என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். கிராஃப் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"தனியா ஒரு ஆளு இந்தச் சொரங்கத்துல எறங்க முடியாதுங்ணா. நீங்க எறங்கிப் பாருங்க, தெரியும்."

ஓ.கே. எழுதியவர்

மூன்றாம் மட்டத்தில் ஒருநாள் முருகேசனுக்குக் கம்பெனி அலுப்பு. ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு. நோட்டில் எல்லாக் கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'ஆல் ஓ.கே.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் நாகராஜ் அதை நம்பி உட்கார்ந்தார். விளக்கில் எண்ணெய் இல்லை, துப்பாக்கி சிக்கிக் கிடந்தது, போதாக்குறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவும் திறந்து கிடந்தது. உட்கார்ந்த மூன்றாவது நிமிஷம் ஆள் காலி.

நாகராஜ் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். பிறகு மேலே கொட்டை எழுத்தில் 'இனி யாரும் ஓ.கே. என்று எழுதக்கூடாது' என்று எழுதிவிட்டு, மதிய ஷிஃப்டுக்கு அரைமணி முன்னாலேயே கிளம்பினார். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டதற்கு வந்த பதில்:

"கம்பெனிலயும் இவன் எழுதுற ஓ.கே.வ நம்பித்தான் குரு நான் மிஷின ஆன் பண்றேன். இன்னிக்கு எல்லாத்தையும் ஒரு தடவ கழட்டிப் பாக்கணும்."

மூன்று கையொப்பம்

ஏழு மாதத்தில் மூவரும் ஏழாம் மட்டத்தில் பாதிவரை இறங்கிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இன்டர்நெட்டில் அந்தச் செய்தியைப் படித்தேன். சுரங்கத்தைச் செய்த அதே ஆட்கள் புதிதாக ஒன்று செய்கிறார்கள். பழைய பெயர் வேறொரு கம்பெனியின் கையில் மாட்டிக்கொண்டதால் இதற்குப் பெயர் வேறு, கதை வேறு. சுரங்கத்துக்குப் பதில் பனிமலைக்குள் ஒரு கோட்டை. ஆனால் செய்கிற கை அதே கை, பெயரில்தான் வாரிசு இல்லை, ரத்தத்தில் வாரிசு என்று நான் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நோட்டின் ஓரங்களில் ஆசைகளை எழுத ஆரம்பித்தார்கள். 'பத்து மட்டமாவது இருக்கும்' என்று நாகராஜ் எழுதினார். 'பனியில் காலடி பதியும், ஜாக்கிரதை' என்று முருகேசன். சண்முகம் ஒன்றும் எழுதாமல் புதிதாக ஒரு கிராஃப் நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்தார்.

புதிய ஆட்டம் பழைய சிஸ்டத்தில் ஓடாது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். கம்பெனியில் மாடல் மாறினால் பழைய ஜாபை, அதாவது அதுவரை ஓடிய வேலையை, மூன்று ஷிஃப்டும் கையெழுத்துப் போட்டு மூடுவார்களாம். அதே மாதிரி இங்கேயும் மூடிவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். முருகேசனும் நாகராஜும் உடனே போட்டுவிட்டார்கள். சண்முகம் மட்டும் இரண்டு வாரம் பொறுங்கள், முடித்துவிடுகிறோம் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. புதுசு வந்த பிறகு இந்தப் பழசை யார் சீண்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கி 'வேலை முடியவில்லை' என்று தெளிவாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே நாலாம் நம்பரை ஃபார்மேட் செய்துவிட்டேன். அவர்கள் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை ஒரு சி.டி.யில் எழுதி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேனாவைத் திருப்பித் தரும்போது சண்முகம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது:

"நீங்க சொல்றீங்கன்னு போடறன். முடிக்காத வேலைய முடிஞ்சதுன்னு மட்டும் எழுத மாட்டங்ணா."

பனிமலைக்குப் பூஜை

புதிய ஆட்டம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மூவரையும் ஒரே நேரத்தில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டார்கள். கம்பெனியில் புது மிஷின் இறங்கினால் பூஜை போடாமல் ஆன் செய்ய மாட்டார்கள். நாகராஜ் பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வந்திருந்தார். மானிட்டருக்குப் பொட்டு வைத்து, கீபோர்டுக்குப் பூ வைத்தார். மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கலாம் என்றார் முருகேசன். கெஞ்சிக் கூத்தாடி அதை மட்டும் தடுத்தேன்.

நாகராஜ் மவுஸைப் பிடித்தார், முருகேசன் நோட்டைப் பிரித்தார், சண்முகம் பென்சிலைச் சீவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் மலை வந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. மலைக்கு மேலே தங்க நிறத்தில் ஒரு அம்புக்குறி மிதந்தது. அது காட்டிய பக்கம் போனால் கதவு இருந்தது. கதவருகே ஒரு குரல் 'இப்போது இதைத் திற' என்று சொன்னது. உள்ளே அலமாரிக்கு அலமாரி குண்டுகள். நாகராஜ் ஒரு இடத்தில் வேண்டுமென்றே செத்துப் பார்த்தார். இரண்டு எண்ணுவதற்குள் அதே இடத்தில் எழுந்து நின்றார். மூவரும் சிரித்தார்கள். அரைமணி நேரம் கழித்து அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. முருகேசன் நோட்டில் முதல் வரி எழுதப் பேனாவைத் திறந்தவர், எழுத ஒன்றும் இல்லாமல் மூடினார். சண்முகம் கிராஃப் தாளில் ஒரு கதவு வரைந்து, அம்புக்குறி அடுத்த கதவைக் காட்டியதும் பென்சிலைக் கீழே வைத்தார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல என்னிடம் கேட்டார்:

"எனக்கு இதுல என்னாங்ணா வேலை?"

அன்று படியிறங்கிப் போனவர் அப்புறம் கடைப் பக்கம் வரவில்லை.

மூன்று நாளில் மலை

நாகராஜ் வீம்புக்கு ஆடினார். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்றே நாளில் முடித்துவிட்டார். அதற்குள் கடையில் நிற்க இடமில்லை. ஓசூரில் ட்ரெய்னிங்குக்கு வந்த பர்கூர் இன்ஜினீயரிங் காலேஜ் பசங்கள், எதிர் மெடிக்கல் ஷாப்காரர், கீழே மெஸ்ஸில் பரோட்டா போடுகிறவர் என்று ஊரே பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தது. கடை திறந்து அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நம்மோடது என்று நினைத்திருந்ததை ஊருக்கே பந்தி வைத்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான், வேறென்ன. முடித்துவிட்டு எழுந்த நாகராஜிடம் கோட்டைக்குள் முதல் மாடி எப்படி இருக்கும் என்று சும்மா கேட்டேன். சுரங்கத்தில் முதல் மட்டத்துப் படிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிச் சொல்கிறவர் அவர். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"மூணு நாளும் அந்த அம்பத்தான் குரு பாத்துட்டிருந்தேன், மலைய பாக்கவே இல்ல."

நின்றுகொண்டே எட்டு மணி நேரம்

முருகேசனும் நம் கட்சிதான் என்று நினைத்து, அவர் வந்த ஒரு மதியம் புதிய ஆட்டத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூளைக்கு வேலை இல்லை, பச்சைக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிற மாதிரி ஊட்டுகிறார்கள், காசுக்காகக் கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று அடுக்கினேன். அவர் ஆட்டத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்புக்குறி காட்டிய பக்கமெல்லாம் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சுரங்கம் ஆடும்போது அந்த முகத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் திரும்பினார்.

"அண்ணே, நான் எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே, நூல் பிசகாம அளந்துட்டு வாரேன். இங்கயாவது ஒருத்தன் வழி சொன்னா கேட்டுட்டுப் போறேனே, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

சீல் வைத்துக் கொடுங்கள்

ரேணுகா சூளகிரிப் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் போர்டுகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலை, எப்போதும் காலை ஷிஃப்ட். பயோடேட்டா அடிக்க வந்தவர், கரண்ட் போனதால் காத்திருந்தார். கரண்ட் வந்ததும் பசங்கள் பனிமலையைத் திறந்தார்கள். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் விழுந்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். ஒன்றும் ஆகாது, எழுந்துவிடலாம் என்றேன். சிரிக்க மாட்டார்களா என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வருஷம் இதே பெண் ஒருதரம் சுரங்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்தில் செத்து, சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் படியிறங்கிப் போனவர். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மதிய நேரங்களில் வந்து இரண்டு வாரத்தில் பனிமலையை முடித்தார். ஒரு மாதமாக நான் சபித்துக்கொண்டிருந்த அந்த அம்புக்குறிதான் இவரை என் கடைப் படியேற வைத்தது. சண்முகத்தை வெளியே அனுப்பியதும் அதே அம்புக்குறிதான். இரண்டையும் சேர்த்து வைத்து என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதும் முழுசாகத் தெரியாது. ரேணுகாவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கடைசித் திரையைக் காட்டிச் சொன்னார்:

"நான் ஒரு கேமை முடிச்சேன்னு சொன்னா ஹாஸ்டல்ல ஒருத்தியும் நம்பமாட்டா. ஒரு பேப்பர்ல எழுதி சீல் வெச்சுக் கொடுங்கண்ணா."

கீழே இருந்த இடம்

அதற்குப் பிறகு பனிமலையை எல்லோரும் முடித்துவிட்டுப் போனார்கள். முடித்த யாரும் மறுபடி அதைத் திறக்கவில்லை. முருகேசனும் வேறு எளிய ஆட்டங்களுக்குப் போய்விட்டார். ஒரு மதியம் ரேணுகா, என் மேஜையில் அட்டை கிழிந்து கிடந்த ஷிஃப்ட் நோட்டை எடுத்து, பிரிண்ட் வருகிற வரைக்கும் புரட்டினார். பிரிண்ட் வந்த பிறகும் வைக்கவில்லை. ஒரு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். இதில் அம்புக்குறி கிடையாதா என்று கேட்டார். கிடையாது என்றேன். இந்த நோட்டு இருந்தால் நானும் இறங்கலாம் போலிருக்கிறதே என்றார்.

அதே வாரம் சண்முகம் படியேறி வந்தார். மூடிய ஜாபைத் திறக்க வேண்டும், ஏழாம் மட்டம் பாதியில் நிற்பது மனசை அறுக்கிறது என்றார். எதையும் எடுத்து வைக்காமல் அழித்ததை நான் அதுவரை அவர்களிடம் சொல்லவே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னேன், ஃபார்மேட் செய்துவிட்டேன், ஏழு மாதமும் அழிந்துவிட்டது, தப்பு என்னுடையதுதான் என்று. அவர் நாலாம் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத்தானே இந்தத் தொழில். அவர் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பி, பழைய கிராஃப் தாள்களை வரிசையாக அடுக்கினார். பயோடேட்டா அடிக்க என்று நான் மாற்றாமல் விட்டிருந்த ஐந்தாம் நம்பர் ஒன்றுதான் பழைய சிஸ்டம். அதில் சுரங்கத்தை ஏற்றினோம். நாகராஜுக்குக் கேட்டில் தகவல் போனது. முருகேசன் இடத்துக்கு ஆள் இல்லையே என்று சண்முகம் யோசித்தபோது, ஒரு ஆள் இருக்கிறது, ஆனால் கம்பெனி வேறு என்றேன்.

நோட்டு இருந்ததால், ஏழு மாதம் எடுத்த ஆறரை மட்டத்தை ஐந்தே வாரத்தில் இறங்கினார்கள். கதவுக்குக் கதவு குறிப்பு இருந்தது. இரண்டு நிமிஷத்தில் செத்த ரேணுகா, சண்முகத்தின் மேப்பை மடியில் வைத்துக்கொண்டு, சண்முகத்தை விட மெதுவாக, சண்முகத்தை விட ஜாக்கிரதையாக நடந்தார். போர்டில் பாகம் வைக்கிற விரல் என்பதால் சுடும்போது கை ஆடவே இல்லை. ஒரு திங்கட்கிழமை மதியம் அவர் ஷிஃப்டில்தான் ஆட்டம் பழைய குறிப்புகள் முடிகிற இடத்துக்கு வந்தது. நோட்டில் அது மூன்று கையொப்பம் இருந்த பக்கம். அதற்குக் கீழே வெற்றுத் தாள். அவர் விளக்கை அணைத்து, ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் தூங்கி எழுந்து வந்த சண்முகம் நோட்டைப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நோட்டை என் பக்கம் திருப்பினார். 'வேலை முடியவில்லை' என்ற அவருடைய வரிக்கும் கையெழுத்துக்கும் நேர் கீழே ரேணுகா எழுதியிருந்தார்:

"எண்ணெய் பாதி இருக்கு. குண்டு அஞ்சு. வலது பக்கம் ஒரு கதவு இருக்கு, நோட்டுல இல்ல. உள்ள ஏதோ சத்தம். நான் தொறக்கல அண்ணா, மேப் நீங்க போடுங்க."

இத்தனை வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு ஹார்ட் டிஸ்க்கை அழிக்கிறதுக்கு முன்னால் அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.